ஐந்தடியில் வைத்த பை

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரச் சாமான் கடை முதலாளிகளுக்கு,



என் பெயர் உங்களில் பலருக்குத் தெரியாது, முகம் தெரியும். இருபத்துமூன்று வருடம் பருப்பும் வெங்காயமும் வரமிளகாயும் ஏற்றிய லோரியோடு உங்கள் கடை வாசலில் வந்து நின்றவன். தெங்கு கிளானா சாலையில் நிறுத்த இடம் கிடைக்காமல் இரட்டை வரிசையில் லோரியைப் போட்டுவிட்டு, ஒரு கண் சம்மன் எழுத வருகிறவர்மேல், ஒரு கண் பில்மேல் என்று உங்களோடு பேரம் பேசியவன். பில் புத்தகத்தைக் கீழே வைத்து இரண்டு வருடம் ஆகிறது. லோரியில் இருந்தவரை வாயைத் திறக்க முடியாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். எடுத்த எடுப்பில் சொன்னால் அடிக்க வருவீர்கள். அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

போன மாதம் தாமான் செந்தோசாவில் பழைய வாடிக்கைக் கடை ஒன்றில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். எழுபது வயது இருக்கும், ஒரு பாட்டி வந்தார். இரண்டு கையிலும் பை. கடைக்குள் நுழைவதற்கு முன் ஐந்தடியில் நின்று, இரண்டு பையையும் கேஸ் தோம்புக்குப் பின்னால், உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாதபடி வைத்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போல் உள்ளே வந்து, "ஒரு வெள்ளிக்குப் பச்சை மிளகாய் குடுய்யா, ரெண்டு கறிவேப்பிலை சேர்த்துப் போடு" என்றார். முதலாளியும் ஒன்றும் தெரியாதவர் போலவே போட்டுக் கொடுத்தார். பாட்டி பைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் வாயைத் திறந்தார்: "பாத்தீங்களாண்ணே, அரிசி, எண்ணெய், பால்மாவு எல்லாம் பெரிய கடையில. ஓசிக் கறிவேப்பிலைக்கு மட்டும் நான்."

அவருக்குக் கோபம். எனக்கு அந்தப் பாட்டி பையை ஒளித்து வைத்ததுதான் மனதில் நின்றது. அடியோடு போய்விட்டவருக்கு வெட்கம் எதற்கு? இன்னும் உங்களை ஒரு பொருட்டாக நினைப்பதால்தானே ஒளிக்கிறார்.

"பெரிய கடைக்காரன் வந்து நம்ம கழுத்தை அறுத்துட்டான்" என்று நீங்கள் சொல்லாத நாள் இல்லை. எந்தப் பெரிய கடைக்காரன் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமா? 1994இல் சுபாங் ஜெயாவில் கேரஃபோர் திறந்தபோது, வண்டி தள்ளிக்கொண்டு சாமான் வாங்கும் அதிசயத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனோம். 2002இல் பூச்சோங்கில் டெஸ்கோ வந்தது. செந்தூலில் 1944இல் ஒரு சாதாரணச் சாமான் கடையாகத் தொடங்கிய ஜயண்ட், அதற்குள் வெளிநாட்டு நிறுவனத்தின் கைக்குப் போய், ஊருக்கு ஊர் மைதானம் மாதிரிக் கடை கட்டிக்கொண்டிருந்தது. சின்னக் கடைகள் அழிந்துவிடும் என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிய ராட்சசக் கடைகளுக்கு அரசாங்கமே சில காலம் தடை போட்டது.

அவர்கள் எல்லாம் இன்று எங்கே? கேரஃபோர் 2012இல் ஏயோனிடம் விற்றுவிட்டுக் கப்பலேறியது. டெஸ்கோ 2020இல் தாய்லாந்தின் சீ.பி. குழுமத்திடம் விற்றுவிட்டுப் போனது. பலகையில் இப்போது லோட்டஸ் என்று இருக்கிறது. ஜயண்டின் மலேசியக் கடைகள் 2023இல் மீண்டும் உள்ளூர்க்காரர் கைக்கே வந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை 2011இல் நடந்தது. சாமான் கடைகளை நவீனமாக்க 'துக்கார்' என்று ஒரு திட்டம். ராக் எப்படி அடுக்குவது, விளக்கு எங்கே போடுவது, கணக்கு எப்படி வைப்பது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் அழைத்து வந்த வாத்தியார்களில் டெஸ்கோ, கேரஃபோர், மைடின் மூவரும் உண்டு. பாடம் தொடங்கி இரண்டு வருடம் முடிவதற்குள் ஒரு வாத்தியார் ஊரைவிட்டே போய்விட்டார். இன்னொருவர் ஒன்பது வருடத்தில் போனார். மைடின் மட்டும் இருக்கிறது. அந்த மைடின் எங்கே பிறந்தது? 1957இல் கோத்தா பாருவில், ஒரு பலகைக் கடையில்.

இப்போது உங்கள் தாமானுக்குள் வந்து உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். 99 ஸ்பீட்மார்ட். அது பாரிஸிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரவில்லை. சின்ன வயதில் போலியோ தாக்கிய ஒருவர், சாலையோரத்தில் நொறுக்குத் தீனி விற்றுச் சேர்த்த காசில் 1987இல் இதே கிள்ளானில் போட்ட சாமான் கடையில்தான் அந்தக் கதை தொடங்குகிறது. லீ தியாம் வா என்ற அந்தத் தவுக்கே 2024 செப்டம்பர் 9ஆம் தேதி தன் கம்பெனியைப் பங்குச் சந்தையில் சேர்த்தபோது திரட்டியது 236 கோடி ரிங்கிட். ஏழு வருடத்தில் நாட்டின் மிகப் பெரிய பங்கு வெளியீடு. அன்றைக்கே கிளைகள் 2,600க்கு மேல். எக்கோன்சேவ்? அதுவும் 1955இல் துறைமுகத்துப் பக்கம் சின்னக் கடையாகத் தொடங்கியதுதான். அப்போது போர்ட் கிள்ளானுக்குப் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம்.

ஆக, நம்மை அடித்தது நம் தெருக் கடைதான். அது மட்டும் எப்படி வளர்ந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

99இன் கடைக்குள் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஒரு கடை வீட்டு அகலம். அலங்காரம் கிடையாது. கீரை, மீன், இறைச்சி எதுவும் இல்லை. அழுகும் சாமானைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். வீட்டுக்குப் பக்கத்தில், விலை ஒட்டி, நாள் தவறாமல் திறந்து வைப்பது. இதில் எது உங்களுக்குத் தெரியாத வித்தை? வீட்டுக்குப் பக்கத்தில் கடை வைப்பதை மலாயாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே சாமான் கடைகள்தானே.

வித்தை பில்லில் இருக்கிறது. அந்தப் பக்கமும் நான் லோரி ஓட்டியிருக்கிறேன், அதனால் தெரியும். தொடர்கடை ஒன்றுக்கு (பெயர் வேண்டாம்) நாங்கள் சரக்கு இறக்கினால் காசு வர அறுபது நாள், சில சமயம் தொண்ணூறு. அந்தச் சரக்கோ இரண்டு வாரத்தில் விற்று முடிந்திருக்கும். மிச்ச நாளெல்லாம் எங்கள் காசு அவர்களுடைய கல்லாவில் வேலை செய்யும். அதோடு விடுவார்களா? ராக்கில் இடம் கொடுக்க ஒரு கட்டணம். கண் மட்டத்தில் வைக்க இன்னொரு கட்டணம். மலிவு விற்பனைத் தாளில் படம் போட இன்னொன்று. எலி கடித்த பாக்கெட்டும் காலாவதியான பாக்கெட்டும் எங்கள் தலையில். ஒரு வருடம் கடையின் ஆண்டு விழாவுக்கு என்று எங்களைக் கேட்காமலே பில்லில் இரண்டு விழுக்காடு வெட்டினார்கள். கம்பெனி முதலாளி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அவ்வளவுதான் எதிர்ப்பு.

நீங்கள்? லோரிக்காரன் கையில் ரொக்கம் கொடுத்துச் சரக்கு இறக்குவீர்கள். மிஞ்சினால் ஒரு மாதத் தவணை. அந்தச் சரக்கை 555 புத்தகத்தில் எழுதிச் சம்பள நாள்வரை கடன் கொடுப்பீர்கள். தொடர்கடைக்காரன் கடனுக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்கிறான், நீங்கள் ரொக்கத்துக்கு வாங்கிக் கடனுக்கு விற்கிறீர்கள். விலையில் அவனோடு மோதி நீங்கள் தோற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

555 என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், கோபிக்காதீர்கள். அந்தச் சின்னப் புத்தகத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். மாதக் கடைசியில் எத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்டது என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். உண்மைதான், என் அம்மாவின் பெயரிலும் ஒரு 555 இருந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவன் நான். பத்து வயதில் கேட்ட "பழைய பாக்கி என்னாச்சுன்னு அம்மாவ கேளு" இன்னும் காதில் இருக்கிறது. கடையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் காதிலும் அன்று விழுந்தது. தொடர்கடையின் காசாளர் பெண் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, "மகள் கல்யாணம் என்னாச்சு" என்று கேட்பதில்லை. அதை நாம் குறையாகச் சொல்கிறோம். கேள்வி கேட்காத கடை என்பதற்காகவே அங்கே போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். விலைச் சீட்டு ஒட்டாத கடைகள் உங்களில் இன்னும் எத்தனை? விலையை ஒட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். அது கிடக்கட்டும். விலை ஒட்டாத கடையில் மருமகளை அனுப்பினால் ஒரு விலை, மாமியார் போனால் ஒரு விலை என்ற பேச்சு ஊரில் இருக்கிறது. நான் உண்டாக்கிய பேச்சு இல்லை.

அந்தப் பாட்டியின் பைக்குத் திரும்புகிறேன். அன்று அவர் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார் என்பது என் ஊகம். அடையாள அட்டையைத் தட்டி வாங்கியிருப்பார். சாரா உதவித் தொகை வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் மைகார்டில் ஏறுகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் பதினெட்டு வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் ஒரு தடவை நூறு ரிங்கிட் கொடுத்தார்கள். ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேர். மொத்தம் 200 கோடி ரிங்கிட்டுக்கு மேல். பிரதமர் அறிவித்தபோது இதை ஏற்கும் கடைகள் 4,100 என்றார்கள். அதில் பெரும்பங்கு யாருடைய கிளைகளாக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழைக்கு அரசு கொடுக்கும் காசு நேராகத் தொடர்கடையின் கல்லாவில் விழுகிறது. பதிவு செய்த சாமான் கடைகளும் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. ஆனால் ஸ்கேன் கருவி வேண்டும், பட்டைக்கோடு ஒட்டிய சரக்கு வேண்டும். கறிவேப்பிலைக்கு ஏது பட்டைக்கோடு? பாட்டி உங்கள் கடையைத் தாண்டி அங்கே போனது துரோகம் இல்லை. அவருடைய அட்டை உங்கள் கடையில் செல்லாது, அவ்வளவுதான். இந்த ஒரு வேலையை மட்டுமாவது, வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் உட்காரவைத்து, இந்த வாரமே செய்து முடியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் நிலைமை வேறு. 2010 அக்டோபரில் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். வளைவு வந்தது, வாடகையும் ஏறியது, வண்டி நிறுத்த இடம்தான் வரவில்லை. உங்களிடம் மாதச் சாமான் வாங்கிய குடும்பங்கள் பூச்சோங்குக்கும் ஷா ஆலாமுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. இப்போது வருவது கேஎல் சென்ட்ரலில் ரயிலேறப் போகிற வழியில் வெற்றிலையும் வாழையிலையும் வாங்குகிற கூட்டம். அவர்களுக்கு அரிசி மூட்டை விற்க முடியாது. கூடைச் சாமான்தான் உங்கள் வியாபாரம், அதில் உங்களை இன்னும் எவரும் தொடவில்லை. இருந்தாலும் அடுத்து நான் சொல்லப்போவதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2024 மே மாதம்தான் தளர்த்தியது. அந்த ஐந்து மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். நானும் மறக்கவில்லை. ஒரு காலை. ஒரே கொள்கலனில் வந்த வெங்காயம், ஒரே லோரி, ஒரே தெரு. முதல் கடையில் ஒரு விலைக்கு இறக்கினேன். நாலு கடை தள்ளி மூட்டைக்கு நாலு வெள்ளி கூட. தெருக்கோடியில் ஏழு வெள்ளி கூட. மூன்று பில்லையும் எழுதியது இந்தக் கைதான். முதல் கடைக்காரர் பேரம் பேசுவார், விலையைக் குறைத்தேன். இரண்டாமவர் சுமாராகப் பேசுவார். மூன்றாமவர் நல்ல மனிதர், நான் சொன்னதை நம்பினார். நல்ல மனிதருக்குத்தான் ஏழு வெள்ளி கூட. கம்பெனி எனக்குக் கொடுத்த உத்தரவே அதுதான்: யாரால் எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவு. வெங்காயத் தட்டுப்பாட்டில் மட்டும் நடந்ததில்லை. தீபாவளிக்குத் தீபாவளி பருப்பில், நெய்யில், மைதாவில் நடந்தது. இருபத்துமூன்று வருடம் நடந்தது.

இது எப்படி ஒரு தடவைகூட வெளியே வரவில்லை? நான் கெட்டிக்காரன் என்பதால் இல்லை. நீங்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பதால். ஒரே கோயில் கமிட்டியில் இருப்பீர்கள், ஒரே கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்காருவீர்கள். வெங்காயம் என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்க மாட்டீர்கள். நான் கடைக்குள் வரும்போது பக்கத்துக் கடைக்காரர் இருந்தால் பில்லை மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைப்பீர்கள். பாட்டி பையை ஒளித்ததைச் சொன்னேனே, அது போலத்தான். நீங்கள் ஒளித்ததில் ஆதாயம் எங்கள் கம்பெனிக்கு.

99இன் அத்தனை கிளைக்கும் ஒரே ஆள் போய் விலை பேசுகிறான். இந்தத் தெருவில் முப்பது கடைக்கு முப்பது பேர், தனித்தனியாக, ரகசியமாக.

"கூட்டாக வாங்கலாமே" என்று நான் ஒருவரிடம் சொன்னபோது உடனே வந்த பதில்: "நம்ம ஆளுங்களா? ஒத்துமையா? போங்கண்ணே." இந்தப் பேச்சுக்கு எனக்குப் பொறுமை இல்லை. பிரிக்பீல்ட்ஸ் பெரிய சாலைக்கு யார் பெயர் வைத்திருக்கிறது? வெள்ளைக்காரத் துரைமாரின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், பால் மரம் வெட்டிய தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளியாக வாங்கிச் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தோட்டங்களையே விலைக்கு வாங்கியவர் துன் சம்பந்தன். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படித்தான் கைக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்து ஆட்கள் பத்துப் பத்து வெள்ளி கொடுத்துத் தோட்டம் வாங்கினார்கள். அந்த மனிதர் பெயர் தாங்கிய சாலையில் கடை வைத்திருப்பவர்களால் ஒரு கொள்கலன் வெங்காயம் சேர்ந்து வாங்க முடியாதா?

வெளியூர்க் கதையும் உண்டு. ஜெர்மனியில் இன்று முதலிடத்தில் இருக்கும் எடேக்கா 1898இல் பெர்லினில் எப்படித் தொடங்கியது தெரியுமா? சீனி, காப்பி, தேயிலை, மசாலா விற்ற சில்லறைக் கடைக்காரர்கள் சேர்ந்து வாங்க அமைத்த சங்கம் அது. அவரவர் கடை அவரவருக்கு. வாங்குவது மட்டும் சேர்ந்து. நியூசிலாந்திலும் 1922இல் ஆக்லாந்து சாமான் கடைக்காரர்கள் அப்படிச் சேர்ந்தார்கள். ஆனால் அங்கே கதை கொஞ்சம் கோணலாகிவிட்டது, அதையும் மறைக்கக் கூடாது. ஐம்பது லட்சம் பேர் உள்ள நாட்டில் அந்தக் கூட்டணியும் இன்னொரு கம்பெனியும்தான் சந்தையைப் பிடித்து வைத்திருக்கின்றன. போட்டி போதவில்லை என்று அந்த நாட்டு வணிக ஆணையமே 2022இல் அறிக்கை எழுதியது. சின்னவர்கள் சேர்ந்து பெரியவரான பிறகு பெரியவர் புத்திதான் வரும் போலிருக்கிறது. அந்தக் கவலை நமக்கு வருகிற அளவுக்கு வளர்ந்தால் நான் சந்தோஷமாகக் கவலைப்படுவேன்.

ஒரு எச்சரிக்கை. சேர்ந்து வாங்குவது வேறு, எல்லோரும் சேர்ந்து விற்கும் விலையை முடிவு பண்ணுவது வேறு. இரண்டாவதைச் செய்தால் போட்டிச் சட்டம் உள்ளே வரும்; வாடிக்கையாளரும் வெளியே போவார். பாட்டிக்குப் பச்சை மிளகாய் என்ன விலை என்பதை அவரவர் கடையில் அவரவர் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தக் கடையையும் கூட்டுறவாக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு சாமான் போதும். சின்ன வெங்காயமோ, மைசூர்ப் பருப்போ. மாதம் ஒரு தடவை, பத்துக் கடை. சரக்கை யார் கடைப் பின்கட்டில் இறக்குவது, எடை குறைந்தால் யார் பொறுப்பு, காசு தராதவரை என்ன செய்வது என்று பேச வேண்டியது நிறைய இருக்கிறது. சண்டையும் வரும், எனக்குத் தெரியாதா உங்களை. ஆனால் அந்தச் சண்டைக்கு முன்னால் ஒன்று நடக்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை அடைத்த பிறகு, அந்தத் தாமான் செந்தோசா கடையின் பின்கட்டில் இருப்பேன். எந்தக் கடை என்று உங்களுக்குத் தெரியும்; ஐந்தடியில் பச்சைக் கேஸ் தோம்பு நிற்கும். போன மூன்று மாதத்து வெங்காய பில்களை எடுத்து வாருங்கள். கடைப் பெயரை விரலால் மறைத்துக் காட்டினாலும் சரி, தேதியும் விலையும் தெரிந்தால் போதும். என் பழைய பில் புத்தகங்களின் நகல் இரண்டு அட்டைப் பெட்டி இருக்கிறது, அதையும் தூக்கி வருகிறேன். தெருக்கோடிக் கடைக்காரர் முதலில் வந்தால் நல்லது. அவரிடம் நான் தனியாகப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசலில் லோரி நிறுத்தியவன்
கிள்ளான்